கீழே ஒரு மெஸ்

டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டியிருக்கும் எங்கள் சுகர் லேண்ட் ஊரின் சீனிக்கு ‘இம்பீரியல்’ என்ற பெயர் நிலைத்த கதையில் ஒரு ஹோட்டல் வருகிறது. கால்வெஸ்டன் துறைமுகத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஐசக் கெம்ப்னர், வில்லியம் எல்ட்ரிட்ஜ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, 1906-இல் தொடங்கி 1908-க்குள் இங்கிருந்த எல்லிஸ், கன்னிங்ஹாம் கரும்புத் தோட்டங்களையும் கூடவே சுத்திகரிப்பு ஆலையையும் வாங்கினார். தோட்டத்தில் இம்பீரியல் என்ற பெயரில் சின்ன ஆலை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அந்தப் பெயர் கெம்ப்னருக்கு நியூயார்க்கின் இம்பீரியல் ஹோட்டலை நினைவுபடுத்தியதாம். பிரேஸோஸ் ஆற்றங்கரைக் களிமண்ணில் விளைந்த கரும்புக்கு மன்ஹாட்டன் ஹோட்டலின் மினுக்கம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

2003-இல் சுத்திகரிப்பை நிறுத்தினார்கள். இடித்தது போக மிஞ்சியதில் கண்ணுக்குத் தெரிவது 1925-இல் கட்டிய எட்டு மாடிச் செங்கல் கட்டடம். ‘சார் ஹவுஸ்’ என்பார்கள். நெடுஞ்சாலை 90A-இல் போகிற எல்லோருக்கும் பழகிப்போன உருவம். அதைப் பூட்டிக் ஹோட்டலாக மாற்றலாம் என்ற யோசனை சில ஆண்டுகளாகவே வருவதும் போவதுமாக இருக்கிறது. ஹோட்டலிடம் பெயர் வாங்கிய ஆலை கடைசியில் ஹோட்டலாகவே ஆகிவிடும் போலிருக்கிறது. இந்தச் செய்தி கண்ணில் படும்போதெல்லாம் அந்த ஹோட்டலின் அறை எப்படி இருக்கும் என்று என்னால் சொல்லிவிட முடியும். செங்கல் ஒரு பக்கம், மீதி மூன்று பக்கம் வெள்ளை. தரை சிமெண்ட். நடுவில் தாழ்வான கட்டில். வேறொன்றும் இருக்காது.

அப்படிப்பட்ட அறையில் நானும் மனைவியும் தங்கியிருக்கிறோம். வீட்டில் சமையலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்த சமயம். தூசிக்குப் பயந்து ஹூஸ்டனுக்குள் மான்ட்ரோஸ் பகுதியில் ஒரு சின்ன ஹோட்டலைப் பிடித்தோம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வரவேற்பு மேஜையும் கிடையாது. போனுக்கு வந்த எண்ணை அழுத்தினால் கதவு திறந்தது. உள்ளே அலமாரி இல்லை, சுவரில் ஐந்து மரமுளைகள். டிவி இல்லை. நாற்காலி இல்லை, ஸ்டூல் உண்டு. மண்குவளை இரண்டு. ஃப்ரிட்ஜ், கெட்டில், குப்பைக்கூடை ஒன்றும் காணோம். ஜன்னலுக்கு வெளியே ஓக் மரத்தின் ஒரு கிளை, அதையும் அளந்து வைத்தாற்போல.

வீடியோவில் அம்மாவுக்கு அறையைச் சுற்றிக் காட்டினேன். மன்னார்குடியில் அப்போது காலை.

“என்னடா, பெயின்ட் அடிச்சிட்டு இன்னும் சாமானெல்லாம் கொண்டுவந்து வைக்கலையா?”

“இவ்வளவுதாம்மா ரூம்.”

“சரி. சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?”

வாடகை எவ்வளவு என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்தேன். கேட்கவில்லை. காலியான அறையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டடக்கலைப் பத்திரிகைகளில் மினிமலிசம் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. வெளிச்சம் எப்படி விழுகிறது, மனம் எப்படி அடங்குகிறது என்று எழுதுகிறார்கள். அந்த அறையில் இருப்பவன் எங்கே சாப்பிடுகிறான் என்று ஒருவரும் எழுதிப் பார்த்ததில்லை.

எங்களுக்குச் சாப்பாடு தெருவில் இருந்தது. மான்ட்ரோஸ் 1911-இல் மனை போட்ட பழைய பகுதி. ஹூஸ்டனில் நில மண்டலச் சட்டம் கிடையாது. கொண்டுவரலாமா என்று 1948, 1962, 1993 ஆகிய ஆண்டுகளில் வாக்கெடுப்பு வைத்தும் மக்கள் வேண்டாமென்றே சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் மதுக்கடை, அதற்குப் பக்கத்தில் பச்சை குத்தும் கடை, அதற்கு மேலே வக்கீல் ஆபீஸ். அசிங்கம் என்று திட்டமிடுபவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அசிங்கந்தான். ஆனால் படியிறங்கினால் பசியாறலாம். வெஸ்ட்ஹைமர் சாலையில் ஊகோஸ் இருக்கிறது. பாத்திரம் கழுவுபவராக உணவகத் தொழிலுக்குள் வந்த ஊகோ ஒர்தேகா 2002-இல் திறந்த மெக்சிகோ உணவகம். பிறகு அவருக்கு 2017-இல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் கிடைத்தது. ஒஹாக்கா பக்கத்து வழக்கப்படி அங்கே வறுத்த வெட்டுக்கிளியும் உண்டு. என் மனைவி தட்டைப் பார்த்துவிட்டு, “நெத்திலி மாதிரி நினைச்சுக்குங்க” என்று தைரியம் சொன்னாள். தான் சாப்பிடவில்லை. 1977-இலிருந்து இருக்கும் கிரேக்கக் கடை நிக்கோ நிக்கோஸ் நடை தூரம். வியட்நாம் ரொட்டி, டாக்கோ வண்டி, ஐஸ்கிரீம். கொஞ்சம் தள்ளிப் போனால் கிர்பி சாலையில் ‘பாண்டிச்சேரி’ என்று பெயர் வைத்த இந்திய உணவகம். நடத்துபவர் குஜராத்தில் வளர்ந்த அனிதா ஜெய்சிங்கானி. பாண்டிச்சேரிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டியதில்லை, அங்கே கிடைக்கும் காலைச் சிற்றுண்டி நன்றாகவே இருக்கும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் வேண்டும். வராந்தாவில் துப்புரவு செய்துகொண்டிருந்த எல் சல்வடோர்ப் பெண்மணியிடம் சைகையில் கேட்டோம். அவர் சுவரைத் தள்ளினார். சுவர் திறந்தது. கைப்பிடி இல்லாத, சுவரின் அதே வெள்ளை அடித்த கதவு. உள்ளே தரையிலிருந்து கூரை வரை சாமான். கெட்டில்கள், இஸ்திரிப் பெட்டிகள், தலையணைகள், துண்டுகள், குப்பைக்கூடைகள், எக்ஸ்டென்ஷன் கம்பிகள், யாரோ விட்டுப்போன குடைகள், சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று, அதன் மேல் அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பா. எங்கள் அறையில் இல்லாதவை எல்லாம் அங்கே இருந்தன. கெட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவரை மூடினார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த அறை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அறை காலியாக இல்லை. அதன் பாரத்தை வேறொருவர் எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பாதியைச் சுவருக்குப் பின்னால் அந்தப் பெண்மணி சுமக்கிறார். மீதியைத் தெரு சுமக்கிறது. நாங்கள் கொடுத்த வாடகை அறைக்கானதல்ல, அந்தச் சுமைகூலி.

இந்த ஏற்பாடு எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலை தேடிக்கொண்டு திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். அறைக்கு மூன்று கட்டில். ஆளுக்கு இரண்டு ஆணி. ஒன்றில் சட்டை, ஒன்றில் துண்டு. கட்டிலுக்கடியில் சூட்கேஸ். ஸ்டவ் கூடாது, ஹீட்டர் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது என்று மானேஜர் தலைக்கு மேலே போர்டு. மேன்ஷனைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூட்டைப்பூச்சியையும் தண்ணீர் வரிசையையும்தான் முதலில் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்த அறையில் ஒருநாளும் நான் குறைப்பட்டு உட்கார்ந்ததில்லை. கையில் காசிருந்த காலைகளில் ரத்னா கஃபே. 1948-இலிருந்து இருக்கும் கடை. அங்கே சாம்பாரை ஜக்கில் கொண்டுவந்து இட்லி மறையும்வரை ஊற்றுவார்கள். இரவில் அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு, முன்னால் உட்கார்ந்திருப்பவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். துணிக்கு முனையில் இஸ்திரி வண்டி. பத்திரிகைக்கு வாடகை நூலகம். தலைவலித்தால் டீக்கடைப் பையன் மாத்திரை வாங்கிவந்து கொடுப்பான். எங்கள் அறையில் ஒன்றும் இல்லாமல் இருந்ததற்கு எங்கள் துறவு மனப்பான்மை காரணமில்லை. ஒவ்வொன்றையும் தெருவில் யாரோ ஒருவர் எங்களுக்காக வைத்திருந்தார்.

அதற்கும் முன்னால் போனால் சத்திரம். தஞ்சாவூர் ராஜ்யத்தில் ராமேசுவரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் இருந்தன. கம்பெனி ஆட்சிக்குக் கீழே வந்துவிட்ட காலத்தில் அவற்றின் வருமானத்தில் கைவைத்துவிடாதீர்கள் என்று இரண்டாம் சரபோஜி 1801-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். வழிப்போக்கருக்குச் சமைத்த சோறு, நோய்ப்பட்டவருக்கு மருந்து, பத்தியச் சாப்பாடு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூப்பிடுவது. கட்டடத்தைப் பற்றி அவர் பெருமை பேசியதைவிட அடுப்பைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். சத்திரத்து அறைகளில் என்ன இருந்திருக்கும்? திண்ணை, தூண், மாடக்குழி. பாயைக்கூட வந்தவரே கொண்டுவந்திருப்பார். ஆனால் நடுச்சாமத்தில் மணி அடித்தது.

சாதியைச் சொல்லாமல் சத்திரத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை. எந்தப் பந்தியில் யார் உட்காரலாம், எந்தக் கூடம் வரை யார் வரலாம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. சுமையைக் கண்ணில் படாமல் வைப்பதில் நம் ஆட்கள் எவருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

பூட்டிக் ஹோட்டல் என்ற சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அங்கேயும் ஒரு வேடிக்கை. நியூயார்க்கில் ஸ்டுடியோ 54 நடன விடுதியை நடத்தி, வரி ஏய்ப்புக்காகச் சிறைக்குப் போய்விட்டு வந்த இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெல்லும் 1984-இல் மார்கன்ஸ் என்ற ஹோட்டலைத் திறந்தார்கள். இந்த வகைக்கு அதைத்தான் முன்னோடி என்பார்கள். உள் அலங்காரம் பாரிஸைச் சேர்ந்த ஆந்த்ரே பூட்மான். கையில் பணம் குறைவு. குளியலறைக்கு விலை மலிந்த கறுப்பு வெள்ளை ஓடுகளைப் போட்டார். அதுவே பாணியாகிவிட்டது. (ஷ்ரேகருக்கு 2017-இல் ஒபாமா மன்னிப்பு வழங்கினார்.) சிறையறையில் இருந்துவிட்டு வந்தவர்கள் காலியான அறையை விலைக்கு விற்றார்கள் என்று கதை கட்ட எனக்கும் ஆசைதான், ஆனால் அவர்களே சொன்னது வேறு. அவர்கள் விற்றது அறையை அல்ல, கீழே இருக்கும் லாபியை. ஊர் முழுக்க வந்து கூடும் இடமாக லாபியை ஆக்கிவிட்டால் அறை சின்னதாக இருந்தாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நடன விடுதிக்காரர்களுக்குக் கூட்டத்தின் அருமை தெரியாதா!

ஜப்பானின் மூஜி கம்பெனி 2019-இல் டோக்கியோவின் கின்சாவில் ஹோட்டல் திறந்தது. வெளிர் மரம், வெள்ளைப் போர்வை, தேவைக்கு மேல் ஒன்றுமில்லை. அறைகள் ஆறாம் மாடிக்கு மேலே. கீழ்த்தளங்களில் மூஜியின் கடை: பேனாவிலிருந்து கட்டில் வரை, கூடவே சாப்பிடும் இடம். காலியான அறையில் படுத்திருப்பவருக்குக் கீழே மாடி மாடியாகச் சாமான் அடுக்கியிருக்கிறது. நான் அங்கே போனதில்லை. போனால் எனக்குத் தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

மான்ட்ரோஸிலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. மெனில் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்மண்ட் ஹால். டேன் ஃப்ளேவின் என்ற கலைஞர் வெறும் குழல்விளக்குகளை வைத்தே வேலை செய்தவர். மினிமலிசத்தின் பெரிய பெயர்களில் ஒன்று. 1996-இல் சாவதற்கு இரண்டு நாள் முன்புதான் இந்தக் கூடத்துக்கான வரைவை முடித்துக் கொடுத்தார். நீளமான, ஒன்றுமே இல்லாத கூடம்; இரு சுவர்களிலும் பச்சை, ஊதா, மஞ்சள் வெளிச்சம். கோயில் பிராகாரத்தில் நடப்பது போல மெதுவாக நடக்கிறார்கள். அந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது தெரியுமா? வெய்ன்கார்ட்டன் என்ற மளிகைக் கடை. அரிசி, பருப்பு, முட்டை, காய்கறி எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். என் மனைவி உள்ளே போனதும் ரொம்ப நேரம் பேசவில்லை. வெளியே வந்ததும், “இவ்வளவு பெரிய இடம், பட்டேல் பிரதர்ஸ் மளிகை போட்டா நல்லா ஓடும்” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும். பேன்ட்ரியில் சோனா மசூரி மூட்டை, பக்கத்தில் இட்லி அரிசி, புழுங்கல் தனி. ஊரிலிருந்து வந்த சுண்டைக்காய் வற்றல், மாவடு, மூன்று வருடத்துப் புளி. கேரேஜில் இரண்டாவது ஃப்ரிட்ஜ். அதில் துருவிய தேங்காய்ப் பொட்டலங்கள், நறுக்கிய முருங்கைக்காய், யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சிய பாதிக் கேக். வெட் கிரைண்டர். பரணில் கொலுப்படியும் பொம்மைப் பெட்டிகளும். கறிவேப்பிலைத் தொட்டி குளிர்காலத்தில் காருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பனி விழும் என்று அறிவிப்பு வந்தால் காரை வெளியே நிறுத்திவிட்டுத் தொட்டியை உள்ளே வைப்பவர்கள் எங்கள் தெருவில் பலர். வெளிநாட்டுத் தமிழன் சாமான் சேர்ப்பதைப் பற்றி ஊரிலிருந்து வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளோ, ஜப்பானியப் பெண்மணி ஒருவர் எழுதிய புத்தகத்தைக் காட்டி, மகிழ்ச்சி தராததை எல்லாம் வெளியே போடு என்கிறார்கள். புளி எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று நான் யோசித்ததில்லை. புளி இருக்க வேண்டும்.

இதற்குப் பேராசை காரணமென்று நான் நினைக்கவில்லை. பசியின் நினைவு என்று சொல்பவர்களும் உண்டு, அதிலும் பாதிதான் உண்மை. பெரிய காரணம் நிலத்தில் போட்ட கோடு. எழுபதுகளில் சுகர் லேண்டில் ஜெரால்ட் ஹைன்ஸ் என்ற கட்டுமான அதிபர் பழைய கரும்பு நிலத்தை வாங்கி, ஏறத்தாழ 10,000 ஏக்கரில் ஃபர்ஸ்ட் காலனி என்ற குடியிருப்பைத் திட்டமிட்டார். ஏரி, நடைபாதை, ஒரே சாயலில் கூரை, புல்லின் உயரத்துக்கு விதி. ஹூஸ்டன் வேண்டாமென்று தள்ளிய மண்டலச் சட்டம் இங்கே உண்டு. அதற்கு மேல் எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் வேறு. வீடு இருக்கும் இடத்தில் வீடு மட்டும், கடை இருக்கும் இடத்தில் கடை மட்டும். எங்கள் தெருவில் ஓர் இட்லிக் கடை போடுவது சட்டப்படி நடக்காது. தெருமுனையில் டீ கிடையாது. முனை என்று ஒன்றிருந்தாலும் அங்கே நின்றால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள். இஞ்சி தீர்ந்தால் கார். இப்படிச் சுத்தமாகத் துடைத்து வைத்த தெருவில் ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே மளிகைக் கடையாகவும் மெஸ்ஸாகவும் மருந்துக் கடையாகவும் இருந்தாக வேண்டும். திருவல்லிக்கேணியில் அறை காலி, தெரு நிறைந்திருந்தது. சுகர் லேண்டில் தெரு காலி. மினிமலிசம் எங்களிடமும் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

நல்ல ஊர்தான், குறை சொல்லவில்லை. அஷ்டலட்சுமி கோயில் இருக்கிறது. 2024-இல் அங்கே 90 அடி அனுமார் எழுந்தருளினார். பள்ளிக்கூடங்களுக்கு நல்ல பெயர். ஹைவே 6-இல் தோசைக்குக் கவலையில்லை. ஆனால் எதற்கும் நடந்து போக முடியாது. ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் சாலையில் 1986-இல் தொடங்கிய ராஜா ஸ்வீட்ஸும், 2010-இல் மகாத்மா காந்தி வட்டாரம் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தத் தெருக்களும் எங்களுக்கெல்லாம் மெஸ்ஸாக இருந்த காலம் ஒன்றுண்டு. வார இறுதியில் காரில் போய் வாரம் முழுமைக்கும் அள்ளிக்கொண்டு வருவோம். அள்ளிக்கொண்டு வந்ததை வைக்க இடம் வேண்டும். அதற்குப் பெரிய வீடு. வீடு பெரிதாக ஆக, ஊரை விட்டு இன்னும் தள்ளி.

இனி சார் ஹவுஸுக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தில் நடந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: நிறத்தை எடுப்பது. மாட்டெலும்பைக் கரியாகச் சுட்டு, பொடித்து, உயரமான உருளைகளில் நிரப்பி வைப்பார்கள். பழுப்பான சர்க்கரைப் பாகு மேலிருந்து அதன் வழியே இறங்கும். எலும்புக்கரி நிறத்தை உறிஞ்சிக்கொள்ள, கீழே தெளிந்த பாகு வரும். எட்டு மாடி உயரம் இதற்காகத்தான். எங்கள் பாட்டி நைவேத்தியத்துக்கு வெல்லம் மட்டுமே போடுவார். சீனியில் எலும்பு இருக்கிறது என்பார். மூடநம்பிக்கை என்று சிரித்திருக்கிறேன். நம்மூர் ஆலைகளில் கந்தகப் புகைதான், எலும்பு கிடையாது. அந்த மட்டில் பாட்டி சொன்னது தவறு. சுகர் லேண்டைப் பொறுத்தவரை சரி. வெள்ளை என்பது சும்மா வருவதில்லை, அதற்கு எட்டு மாடி தேவைப்பட்டது.

எலும்பு இன்னொரு விதத்திலும் இந்த மண்ணில் இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமைகள் போய்விட்டார்கள். கரும்பு வெட்ட ஆளில்லை. 1878-இல் தோட்ட முதலாளிகளான கன்னிங்ஹாமும் எல்லிஸும் டெக்சாஸ் மாநிலத்தின் சிறைக்கைதிகள் மொத்தப் பேரையும் குத்தகைக்கு எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பலர் அற்பக் குற்றங்களுக்காகப் பிடிபட்டவர்கள். சதுப்பு நிலம், மலேரியா, சவுக்கு. 2018 பிப்ரவரியில் ஃபோர்ட் பெண்ட் பள்ளி மாவட்டம் புதிய தொழிற்கல்வி மையத்துக்காக மண்ணைத் தோண்டியபோது முதல் எலும்பு தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட 95 பேர். மிக இளையவருக்கு வயது பதினான்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ரெஜினால்ட் மூர் என்பவர், இங்கே கைதிகளின் கல்லறை இருக்கிறது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார், கேட்பாரில்லை. 2019 நவம்பரில் அந்த 95 பேரையும் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

இதெல்லாம் எங்கள் கண்ணெதிரே இருக்கிறது. எதிரே இருப்பதால்தானோ என்னவோ தெரிவதில்லை. டெல்ஃபேர் குடியிருப்பு பழைய சிறைப் பண்ணையின் நிலம். அங்கே ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் கிளை ஒன்று 2009-இல் வந்தது. எங்கள் பிள்ளைகள் டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்து வாய்பிளந்த கட்டடம் சிறையாக இருந்ததுதான். லெட் பெல்லி என்ற பாடகர் சுகர் லேண்ட் சிறைப் பண்ணையில் தண்டனை அனுபவித்து, 1925-இல் கவர்னர் மன்னிப்பில் வெளியே வந்தார்; சார் ஹவுஸ் எழும்பியதும் அதே வருடம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களைப் பற்றி பாரதி எழுதிய பாட்டை எங்கள் தமிழ்ச் சங்க மேடைகளில் பாடக் கேட்டிருக்கிறேன். தொண்டை அடைக்கப் பாடுவார்கள். 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்குப் போனவர்களும் கரும்பு வெட்டத்தான் போனார்கள். பாட்டுக்குக் கண்கலங்கிய நாங்கள் கூட்டம் முடிந்து கார் எடுத்துப் போவது கரும்புத் தோட்டத்தின் மேல் போட்ட சாலையில். அதை மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆகவே சார் ஹவுஸ் ஹோட்டலானால் நான் எதிர்க்கப்போவதில்லை. இடிந்து விழுவதற்கு இது மேல். அறையை வெள்ளையடித்துக் காலியாகவே வைக்கட்டும். காலியான அறைமேல் எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது. மான்ட்ரோஸில் படுத்திருந்த இரவுகளில், எடுத்து வைக்க எதுவும் இல்லாத அந்த நிம்மதியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எலும்புக்கரி உருளைகள் இருந்த இடத்தையும், கரும்பு வெட்டியவர்களின் கதையையும் கைப்பிடி இல்லாத கதவுக்குப் பின்னால் தள்ளி அதே வெள்ளையை அடித்துவிடக் கூடாது. லாபியில் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றை மாட்டிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வதும் நடக்கும். அந்தப் படத்தில் கரும்பு இருக்கும், வெட்டியவன் முகம் இருக்காது.

இரண்டாவது கோரிக்கை சாப்பாட்டைப் பற்றியது. கட்டடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது? ஒரு பக்கம் ரயில்பாதையும் நெடுஞ்சாலையும், இன்னொரு பக்கம் ஆய்ஸ்டர் ஓடை. நடந்துபோய்ச் சாப்பிடத் தெரு கிடையாது. தெருவையும் கட்டடக்காரர்களேதான் கட்ட வேண்டும். கட்டுவார்கள், ஆறு டாலர் காபி, மரப்பலகையில் வைத்துத் தரும் ரொட்டி, ஒன்பது மணிக்கு இழுத்து மூடும் கதவு. கீழ்த்தளத்தில் ஒரு மெஸ் வேண்டும். ராத்திரி பத்தரைக்கு விமானத்திலிருந்து இறங்கி வருபவருக்கு ரசமாவது மிஞ்சியிருக்கிற மெஸ். துப்புரவு செய்யும் பெண்மணியும் அறையில் தங்குபவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் மெஸ்ஸாக இருந்தால் இன்னும் நல்லது. சத்திரத்தில் நம்மால் அது முடியவில்லை. இதை மனைவியிடம் சொன்னேன். பருப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், நகரசபைக் கூட்டத்தில் பேச மூன்று நிமிஷம் கொடுப்பார்களே, போய்ச் சொல்லுங்கள் என்றாள். பெயர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மெஸ் இல்லாமல் அந்த ஹோட்டல் திறந்தால், வெள்ளை அறையில் தங்க வருகிறவர் இரண்டாம் நாள் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு ஹைவே 6-க்குத் தோசை தேடி வருவார்.